சைக்கிள் ஓட்ட உரிமை கேட்டவரும் ‘நாடு கடத்தப்பட்டவர்’தான்



தாப்பாவிலிருந்து மலை ஏறும் எவருக்கும் முதலில் கண்ணில் படும் ஊர் ரிங்லெட். வளைவு வளைவாக வந்து தலை சுற்றியவர்கள் இறங்கித் தேநீர் குடித்து மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். இந்த வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் மூன்று, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்திருக்கிறார்கள். இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் மலையிறங்கி, கோலாலம்பூரையும் தாண்டி, லண்டன், மெல்பர்ன், டொரோண்டோ என்று போகப் பார்க்கிறார்கள். நம் கலந்துரையாடலுக்காக இங்கே வந்தபோது மேடையில் பேசிய விஷயங்களைவிட, மேடையை விட்டு இறங்கியதும் காதருகே வந்து கேட்கப்பட்ட ஒரு கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

கேள்வி இதுதான். “முன்பு ஒரு நாட்டில் பிடித்து, சில நாள் உள்ளே வைத்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வேறு நாட்டுக்கு விண்ணப்பம் செய்கிறோம். பாரத்தில் ‘எப்போதாவது நாடு கடத்தப்பட்டிருக்கிறீர்களா’ என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று போடலாமா? போட்டால் கதவு சாத்திவிடுவார்களே!”

ஒளிபரப்பில் இதற்கு இருபது விநாடிதான் கிடைக்கும். “உண்மையைச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விடலாம். ஆனால் கேட்டவரின் குரலில் இருந்தது சட்டச் சந்தேகம் மட்டுமல்ல, வெட்கம். தான் ஒரு திருடனைப் போல அவர் பேசினார். அந்த வெட்கத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால், ‘நாடு கடத்தப்பட்டவர்’ என்ற முத்திரை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. நாம் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிலரின் மேலும் அதே முத்திரை குத்தப்பட்டிருக்கிறது.

கிள்ளான், 1941

சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களுக்குப் போவோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல விலை. பால் மரம் சீவிய நம்மவர்களின் நாள் கூலியோ ஐம்பது காசைச் சுற்றியே கிடந்தது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளருக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே முதல் கோரிக்கை கூலி.

ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் படித்தால்தான் விஷயம் புரியும். தொழிலாளரை அடித்து உதைக்கும் தோட்ட அதிகாரிகளை மாற்ற வேண்டும். பெண் தொழிலாளரிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும், நோய்க்கு நல்ல மருத்துவம் வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்து பார்க்கத் தடை இருக்கக்கூடாது. கூட்டம் கூடவும் பேசவும் உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்று. துரைமார்களும் கிராணிமார்களும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டியதில்லை, ஓட்டிக்கொண்டே போகலாம்!

இன்றைய இளைஞர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கு ஒரு போராட்டமா? ஆம். தோட்டத்தில் துரை ஒரு குட்டி ராஜா. அவர் வரும் பாதையில் ஒரு கூலிக்காரன் சைக்கிளில் உட்கார்ந்தபடி போனால் அது அவமரியாதை. சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளாக இருந்தாலும் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், கூலி உயர்வைவிட இந்தக் கோரிக்கைதான் நிர்வாகத்தை அதிகம் உறுத்தியிருக்கும். ஐந்து காசு கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். சைக்கிளிலிருந்து இறங்காத ஆளை என்ன கொடுத்துச் சமாளிப்பது?

தொழிலாளரைத் திரட்டியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். முன்னால் நின்றவர் ஆர்.எச். நாதன். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். ஆயுதம் தூக்கியவர் அல்ல. எழுதத் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர். சங்கத்து இளைஞர்கள் காந்தி குல்லா அணிந்து தோட்டம் தோட்டமாகப் போனார்கள். குல்லா அணிந்தவனைக் கண்டால் துரைமார்களுக்கு எரிச்சல். இந்தியாவில் நடப்பது இங்கேயும் நடந்துவிடுமோ என்ற பயம்.

மார்ச், ஏப்ரலில் நடந்த முதல் சுற்று வேலை நிறுத்தங்கள் சிறு கூலி உயர்வோடு ஓரளவு அடங்கின. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். வழக்கு விசாரித்துத் தண்டிப்பதற்காக அல்ல, நாட்டை விட்டு அனுப்புவதற்காக. செய்தி பரவியதும் தோட்டங்கள் கொதித்து எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகவில்லை. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. போலீஸ் போதாதென்று இராணுவமும் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். முன்னூறுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அவர்களில் 21 பேர் நாடு கடத்தப்பட்டனர். 49 பேர் ‘தாமாக விரும்பி’ ஊர் திரும்ப ஒத்துக்கொண்டார்கள் என்று கணக்கு எழுதப்பட்டது.

அந்தத் ‘தாமாக விரும்பி’ என்ற சொற்களை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். லாக்கப்பில் இருப்பவன் முன்னால் இரண்டு வழி வைக்கிறார்கள். ஒன்று, கடத்தல் ஆணை. மற்றொன்று, நீயே கப்பல் ஏறு. அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அது விருப்பமா? இன்றும் பல நாடுகளில் இதே இரண்டு வழிகளைத்தான் வைக்கிறார்கள். ‘சுயமாக வெளியேறினார்’ என்று ஒரு தாள், ‘அகற்றப்பட்டார்’ என்று ஒரு தாள். விமானம் ஒன்றுதான். ஆனால் பின்னால் ஒரு பாரத்தை நிரப்பும்போது அந்த இரண்டு தாள்களுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. இதைப் பிறகு சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர்

கிள்ளானுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, இலங்கையில் ஒரு சம்பவம். ரிங்லெட் வாசகர்களுக்கு இது நெருக்கமாக இருக்கும். ஏனென்றால் அதுவும் தேயிலைத் தோட்டத்துக் கதை.

மார்க் ஆண்டனி பிரேஸ்கர்டில் என்ற இளைஞர் 1936இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்தார். கண்டி மலைப்பகுதியில் மடுல்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் துரைத்தொழில் பழகச் சேர்ந்தார். பழக வந்தவர் லயங்களில் தமிழ்த் தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்து, துரைமார் பக்கம் நிற்பதற்குப் பதிலாகத் தொழிலாளர் பக்கம் போய்விட்டார். லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். மேடையேறித் தோட்ட நிர்வாகத்தின் அட்டூழியங்களைப் பேசினார். ஒரு வெள்ளைக்காரனே வெள்ளைக்காரத் துரைக்கு எதிராகப் பேசினால் தோட்டத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவருக்கு நாடு கடத்தல் ஆணை பிறப்பித்தார். குறித்த நாளில் கப்பல் ஏற வேண்டும். அவர் ஏறவில்லை, தலைமறைவானார். கட்சி கொழும்பு காலிமுகத் திடலில் கூட்டம் கூட்ட, அவர் அங்கே மேடையில் தோன்றிப் பேசினார். பிறகு கைதானார். வழக்கறிஞர் எச்.வி. பெரேரா ஆட்கொணர்வு மனுவோடு உச்ச நீதிமன்றம் போனார். மே 18ஆம் தேதி தீர்ப்பு. அந்த ஆணை செல்லாது. பேசினார் என்பதற்காக ஒருவரைப் பிடித்து நாட்டை விட்டு அனுப்ப ஆளுநருக்கு அதிகாரம் இல்லை. பிரேஸ்கர்டில் விடுதலையானார். பிறகு அதே ஆண்டில் தாமாகவே இலங்கையை விட்டுப் புறப்பட்டார்.

கிள்ளானில் நாதனுக்கு அப்படியொரு தீர்ப்பு வரவில்லை. மலாயாவில் நாடு கடத்தல் என்பது பெரும்பாலும் நிர்வாக ஆணை. நீதிமன்றத்தில் சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் தேவையில்லை. குற்றம் நிரூபிக்கப்படாமலேயே ஒருவர் கப்பல் ஏற்றப்படலாம். ஆகவே ‘நாடு கடத்தப்பட்டார்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ‘குற்றவாளி’ என்ற முடிவுக்கு வருவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1948இல் அவசரகாலம் வந்த பிறகு இந்த அதிகாரம் இன்னும் விரிந்தது. அவசரகாலச் சட்ட விதி 17சி-யின் கீழ், தடுப்புக் காவலில் இருந்தவர்களைக் குடும்பத்தோடு வெளியேற்ற முடிந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்; இந்தியர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் தொழிற்சங்கத்தில் இருந்தவர்களின் வீட்டில் போட்டோக்களையும் சந்தா ரசீதுகளையும் அடுப்பில் போட்டு எரித்த கதையைத் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பயம் அப்படி. இன்று பாரத்தின் முன் உட்கார்ந்து மறைக்கலாமா என்று யோசிக்கும் கைக்கும், அன்று ரசீதை அடுப்பில் போட்ட கைக்கும் சொந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எரித்ததையும் மறைக்காதவர்கள்

காகிதத்தை எரித்தவர்கள் என்றதும் வேறு வகையான ஆட்களும் நினைவுக்கு வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1907இல் சட்டம் வந்தது. காந்தியின் தலைமையில் எதிர்ப்பு. 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசல் திடலில் பதிவுச் சான்றிதழ்களைக் கூட்டமாக எரித்தார்கள். ஒளித்து அல்ல, பட்டப்பகலில், ஊர் பார்க்க.

அந்தப் போராட்டத்தில் தமிழர்களின் பங்கு மிகப் பெரியது. தம்பி நாயுடு போன்றவர்கள் மீண்டும் மீண்டும் சிறை போனார்கள். சிறை பயமுறுத்தவில்லை என்று கண்ட அரசு, 1910இல் நாடு கடத்தலைக் கையில் எடுத்தது. தமிழர்கள் பலர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னையில் அவர்களை வரவேற்று, தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்தவர் ‘இந்தியன் ரெவியூ’ ஆசிரியர் ஜி.ஏ. நடேசன்.

அவர்களில் பலர் சென்னையோடு நிற்கவில்லை. நாங்கள் அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள், திரும்பிப் போக உரிமை உண்டு என்று மறுபடியும் கப்பல் ஏறினார்கள். தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்க அனுமதி இல்லை. ஒரு துறைமுகம் விரட்ட, அடுத்த துறைமுகம், அங்கும் விரட்ட, இன்னொன்று. கப்பல் தளத்திலேயே வெயிலிலும் குளிரிலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். அப்படி அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி என்ற தமிழர் 1910 அக்டோபர் 16ஆம் தேதி டெலகோவா பேயில் உயிர் விட்டார். இன்றைய மொசாம்பிக்கின் மாபுத்தோ நகரம்தான் அது. நாம் தில்லையாடி வள்ளியம்மையை அறிவோம். நாராயணசாமியை அறிந்தவர்கள் குறைவு.

நான் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாராயணசாமியின் பதிவேட்டிலும் ‘நாடு கடத்தப்பட்டவர், மறுபடி நுழைய முயன்றவர்’ என்றுதான் இருந்திருக்கும். இன்றைய ஒரு பாரத்தை அவர் நிரப்பினால், “ஆம்” என்ற கட்டத்தில்தான் கோடு போட வேண்டும்.

சட்டத்தில் உள்ள ஒரு சின்ன வாசகம்

சரி, நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1953 ஆகஸ்டில் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து பிழைப்பு தேடி வருவது அத்தோடு மிகவும் சுருங்கிப் போயிற்று. அதன் வழிவந்ததுதான் இன்றுள்ள 1959/63ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டம். அதில் யார் யார் நுழையக்கூடாதவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு வகையினர், வேறொரு நாட்டு அரசால் எந்தக் காரணத்துக்காகவேனும் வெளியேற்றப்பட்டு, அது தொடர்பான சூழ்நிலையை வைத்துப் பார்க்கும்போது விரும்பத்தகாதவர் என்று தலைமை இயக்குநர் கருதுகிறவர்கள்.

‘எந்தக் காரணத்துக்காகவேனும்’ என்பதைப் படித்ததும் நெஞ்சு பகீரென்கிறது. ஆனால் அடுத்து வருவதைக் கவனியுங்கள். ‘அது தொடர்பான சூழ்நிலை.’ வெளியேற்றப்பட்டார் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. எதற்காக, எப்படி, என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்கிறது. அதே சட்டம், தான் தடை செய்யப்பட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை நுழைய வருபவர் தோளில்தான் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சூழ்நிலையை எடுத்துச் சொல்ல வேண்டியவர் விண்ணப்பிப்பவர்தான். அவர் வாய் திறக்காவிட்டால் அதிகாரியின் மேசையில் முத்திரை மட்டும் இருக்கும். கதை இருக்காது.

நம் கூட்டரசு அரசியலமைப்பிலும் இதற்குத் தொடர்பான இரண்டு விதிகள் உண்டு. 9ஆவது விதி, குடிமகன் எவரையும் நாடு கடத்தக்கூடாது என்கிறது. சிவப்பு அடையாள அட்டையை நீலமாக மாற்ற நம் பாட்டிமார்கள் ஏன் அலைந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கட்டுப்பாட்டால் குடியுரிமை இல்லாத நம்மவர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறியதைப் பார்த்த தலைமுறை அது. 26ஆவது விதியோ, பதிவின் மூலமோ இயல்புரிமையின் மூலமோ பெற்ற குடியுரிமை, மோசடியாலோ பொய்யாலோ முக்கிய உண்மையை மறைத்ததாலோ கிடைத்தது என்று தெரிந்தால் அதைப் பறிக்கலாம் என்கிறது. அதாவது பொய் சொல்வது மட்டுமல்ல, சொல்லாமல் விடுவதும் கணக்கில் வருகிறது.

இன்றைய நிலவரம்

வெளிநாடுகளிலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான், தண்டனைகள் மட்டும் வேறுபடும். கனடாவில் பொய்த் தகவல் தந்தது நிரூபணமானால் ஐந்து ஆண்டுகள் நுழைய முடியாது. 2014க்கு முன்பு அது இரண்டு ஆண்டாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்காக மறுக்கப்பட்டால், பொதுவாக மூன்று ஆண்டுகள் பல வகை விசாக்கள் கிடைக்காது. பிரிட்டனில் ஏமாற்றி விண்ணப்பித்தால் பத்து ஆண்டு வரை தடை. அமெரிக்காவில் வாழ்நாள் தடையாகவே போய்விடலாம், தனியாக விலக்கு வாங்கினால் ஒழிய. இவற்றோடு ஒப்பிட்டால், பழைய நாடு கடத்தலுக்கான தடைக்குப் பெரும்பாலும் ஒரு கால வரம்பு இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் அது முடிந்ததும் கதவு திறக்க வாய்ப்புண்டு. மறைத்துப் பிடிபட்டால் பழையது முடிந்த பிறகும் புதியது தொடங்கிவிடும்.

பிடிபட மாட்டோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிநுழைவு விஷயத்தில் கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன. புதுக் கடப்பிதழ் எடுக்கலாம், பெயரின் எழுத்தைக் கூட்டிக் குறைக்கலாம். விரலை என்ன செய்வது? “பழைய பாஸ்போர்ட் தொலைந்து போச்சுன்னு சொல்லிடு தம்பி” என்று யோசனை சொல்லி ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்கும் ஏஜெண்டுகள் இதைச் சொல்லமாட்டார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. மாட்டிக்கொண்டால் ஏஜெண்டின் கைத்தொலைபேசி அணைந்திருக்கும்.

அதே நேரத்தில், பயத்தில் இல்லாததையும் எழுதி வைக்கக்கூடாது. கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு. விமான நிலையத்திலேயே உள்ளே விட மறுத்து அடுத்த விமானத்தில் அனுப்பியது வேறு, உள்ளே இருந்தவரைப் பிடித்துக் கடத்தல் ஆணையோடு அனுப்பியது வேறு. சில பாரங்கள் தண்டனையை மட்டும் கேட்கும். சில பாரங்கள் கைதையும் கேட்கும். சில பாரங்கள் ‘எப்போதாவது எந்த நாட்டிலிருந்தாவது வெளியேறும்படி சொல்லப்பட்டதா’ என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். அப்படிக் கேட்டால், கிள்ளானின் 49 பேரைப் போல ‘தாமாக விரும்பி’ கையெழுத்துப் போட்டவர்களும் அதற்குள் அடங்குவார்கள். கேள்வியை மூன்று முறை படித்து, புரியாவிட்டால் பதிவு பெற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

ரிங்லெட்டில் கேட்டவருக்கு நான் அங்கேயே சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு அடுத்த சந்தேகம், அப்போது கொடுத்த தாள் கையில் இல்லையே என்பது. திருப்பி அனுப்பிய நாட்டிடமே நம்மைப் பற்றிய கோப்பின் நகலைக் கேட்டு எழுதலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் அதற்குச் சட்டப்படி வழி உண்டு. பதில் வரச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அந்தக் கோப்பில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள், எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை ஆண்டு தடை என்பதை நாமும் முதலில் பார்த்துவிடலாம். பாரத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே விளக்கம் எழுத ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். ஆண்டு, நாடு, காரணம், எத்தனை நாள் காவல், எந்தத் தேதியில் திரும்பினோம், அதன் பிறகு என்ன வேலை செய்து வாழ்கிறோம். கட்டம் போதவில்லை என்றால் தனித்தாளில் எழுதி இணைத்துக்கொள்ளலாம்.